கையெழுத்துக்கும் காரியத்துக்கும் நடுவே

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எலிஸபெத் காலம் எங்களுக்கு ஒரு நாடகப் படுதாவாகவே இருந்தது. முன்னால் ஷேக்ஸ்பியரும் மார்லோவும் ஸ்பென்ஸரும் நடமாடுவார்கள். பின்னால் வர்ணம் தீட்டிய துணியில் ராணி, அவளுக்கு இரண்டு பக்கமும் சில தாடிக்காரர்கள், தூரத்தில் ஸ்பானியக் கப்பல்கள். தாடிக்காரர்களின் பெயர்கள் பரீட்சைக்கு வராது. நாங்களும் தெரிந்துகொள்ளவில்லை. பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பத்துப் பதினோரு வருஷம் காகிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தியான பிறகுதான் என் கவனம் அவர்கள் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கட்டுரை என்னைப் பற்றியது ஆகிவிடும். சொல்லாமலே விட்டால் பொய்யாகிவிடும்.

1558 நவம்பரில் எலிஸபெத் பட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு வயது 25. ஹாட்ஃபீல்டில் வைத்து வில்லியம் ஸெஸிலைத் தன் காரியதரிசியாக நியமித்தாள். அன்று தொடங்கி 1598இல் சாகும்வரை சுமார் 40 வருஷம் அந்த மனிதர் அவள் பக்கத்திலேயே இருந்தார். 1571இல் பர்லி பிரபு ஆனார், 1572இல் கஜானாவின் தலைவர் ஆனார். அக்கா மேரி காலத்தில் பெருத்துப்போயிருந்த அந்தரங்க சபையை எலிஸபெத் இருபது பேருக்குள் சுருக்கினாள். நிரந்தர ராணுவம் கிடையாது. ஜில்லாக்களில் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்கள் அநேகமாகக் கிடையாது. அந்தந்த ஊர்க் கனவான்களே சம்பளமில்லாமல் நீதி பரிபாலனம் செய்தார்கள். அவளுடைய 45 வருஷத்தில் பாராளுமன்றம் கூடிய அமர்வுகள் வெறும் 13. மற்ற நாட்களிலெல்லாம் ராஜ்யம் நடந்தது இந்தச் சபை எழுதிய கடிதங்களால். தானிய விலை, துறைமுகக் காவல், ஒளிந்து திரியும் கத்தோலிக்கப் பாதிரிகள், நாடகக் கொட்டகைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம், அதன் அடியில் சில கையெழுத்துக்கள். எங்கள் பாங்கின் சர்க்குலர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இது உடனே புரிந்துவிடுகிற ராஜ்யம்.

ஸெஸிலின் காகிதங்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் என்னைக் கவர்ந்தது. எந்தப் பிரச்னையானாலும் காகிதத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம் என்று எழுதிக்கொள்வார். பற்றும் வரவும் போல. ராணியின் அபிமானத்துக்குரிய லெஸ்டர் பிரபுவிடம் இந்தக் கணக்குப் புத்தி இல்லை. அவரிடம் உடம்பும் குதிரையும் வம்சமும் இருந்தன. வால்ஸிங்ஹாமிடம் வேவுக்காரர்களும், பிறர் கடிதங்களின் சங்கேதத்தை உடைக்கும் ஆட்களும் இருந்தார்கள். ஹாட்டன் நடனத்தால் மேலே வந்தவர் என்று அவர் காலத்திலேயே கேலி செய்தார்கள். இவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றும், அந்தச் சண்டையை ராணி தனக்குச் சௌகரியமாக வைத்துக்கொண்டாள் என்றும் ஒரு கட்சி. இல்லை, முக்கியமான காரியங்களில் இவர்கள் ஒன்றாக நின்று ராணியையே நெருக்கினார்கள் என்று இன்னொரு கட்சி. 1987இல் பாட்ரிக் காலின்ஸன் என்ற சரித்திரக்காரர் அந்த இங்கிலாந்தை முடியாட்சிக்குள் ஒளிந்திருந்த ஒரு குடியரசு என்கிற பொருளில் விவரித்தார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று ஸெஸிலின் ஒரு திட்டம். ராணி கொல்லப்பட்டால் அடுத்த அரசர் வரும்வரை ஒரு பெரிய சபையே ஆளும், பாராளுமன்றம் கூடி வாரிசைத் தீர்மானிக்கும் என்று 1584-85இல் அவர் வரைந்து வைத்திருந்தார். அது சட்டமாகவில்லை.

யார் ஆண்டார்கள் என்ற கேள்வியே எனக்குச் சற்றுத் தவறாகப் படுகிறது. அதிகாரம் ஆளிடம் இருக்கிறது என்ற அனுமானம் அதில் இருக்கிறது. எந்த ஆபீஸிலும் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், கையெழுத்து விழுவதற்கும் காரியம் நடப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்று. கையெழுத்திட்டவர் அந்த இடைவெளியில் மனம் மாறலாம். கையெழுத்தை வாங்கியவர் அதற்குள் ஓடிவிடலாம். அந்த இடைவெளி யார் கைக்குள் இருக்கிறதோ அங்கே இருக்கிறது அதிகாரம்.

எலிஸபெத் இதை அறிந்தே வைத்திருந்தாள் என்று தோன்றுகிறது. அவள் கெட்டிக்காரத்தனம் முழுவதும் தாமதத்தில் இருந்தது. கல்யாணம் செய்துகொள் என்று சபையும் பாராளுமன்றமும் கேட்டன. இல்லை என்று சொல்லாமலே காலத்தைக் கடத்தினாள். வாரிசின் பெயரைச் சொல் என்றார்கள், சொல்லவில்லை. நார்ஃபோக் பிரபுவுக்கு 1572 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவள் உத்தரவில் கையெழுத்திடுவாள், திரும்ப வாங்கிக்கொள்வாள், மறுபடி இடுவாள், மறுபடி வாங்கிக்கொள்வாள். தலை போனது ஜூன் 2ஆம் தேதி. கையெழுத்திட்ட பின்னும் காகிதம் தன்னுடையதே என்பது அவள் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் ஒரே ஒரு முறை உடைந்தது.

ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டுவர்ட் 1568 முதல் இங்கிலாந்தில் காவலில் இருந்தாள். எலிஸபெத்துக்குப் பிறகு பட்டம் கோரக்கூடியவள், கத்தோலிக்கர். 1586இல் பாபிங்டன் சதியில், பீப்பாய்க்குள் ஒளித்துக் கடத்தப்பட்ட கடிதங்கள் மூலம் வால்ஸிங்ஹாம் அவளைப் பிடித்தார். அந்த வழியையே அவருடைய ஆட்கள்தாம் ஏற்படுத்திக் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் ஃபோதரிங்கே கோட்டையில் விசாரணை. நவம்பரில் பாராளுமன்றம் தலையைக் கேட்டது. எலிஸபெத், பதில் இல்லாத ஒரு பதிலையே பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பேசி அனுப்பினாள். பர்லி உத்தரவை எழுதித் தயாராக வைத்தார். அது வாரக்கணக்கில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

அப்போது வால்ஸிங்ஹாம் உடல்நலமில்லாமல் வீட்டில் இருந்தார். காரியதரிசி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வில்லியம் டேவிஸன். அந்தப் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1587 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீனிச் அரண்மனையில் ராணி உத்தரவைக் கொண்டுவரச் சொன்னாள். டேவிஸன் பிற்பாடு எழுதிவைத்த வாக்குமூலத்தின்படி, பேனாவும் மையும் கேட்டுக் கையெழுத்திட்டாள். முத்திரைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வழியில் வால்ஸிங்ஹாமிடம் காட்டு, துக்கத்தில் அந்த மனுஷன் உயிரே போய்விடும் என்று வேடிக்கையும் செய்தாள். பிறகு இன்னொன்று சொன்னாள். மேரியைக் காவலில் வைத்திருந்த ஸர் ஏமியஸ் பாலெட்டுக்கு எழுதி, இந்தச் சுமையைத் தன் தலையிலிருந்து இறக்க அவருக்கு வழி தெரியாதா என்று கேட்கச் சொன்னாள். அதாவது உத்தரவில்லாமல், ஓசையில்லாமல் முடித்துவிடச் சொன்னாள். வால்ஸிங்ஹாமும் டேவிஸனும் அப்படியே எழுதினார்கள். பாலெட் கடுமையான பியூரிட்டன். சட்டமும் உத்தரவும் இல்லாமல் ரத்தம் சிந்த மாட்டேன் என்று உடனே பதில் எழுதிவிட்டார்.

மறு நாள் ராணியிடமிருந்து செய்தி வந்தது: முத்திரைக்குப் போகாவிட்டால் போகவேண்டாம். டேவிஸன் ஓடிப்போய், முத்திரை விழுந்தாகிவிட்டது என்றார். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டாள். நிறுத்து என்று சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. டேவிஸனுக்குப் பயம் வந்துவிட்டது. ஹாட்டனிடம் போனார், இருவருமாக பர்லியிடம் போனார்கள். 3ஆம் தேதி பத்துப் பேர் அளவில் சபையினர் கூடினார்கள். ராணி செய்யவேண்டியதைச் செய்துவிட்டாள், இனி அவளைத் தொந்தரவு செய்யாமல் நாமே அனுப்பிவிடுவோம், பொறுப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்று முடிவாயிற்று. சபையின் குமாஸ்தா ராபர்ட் பீல் உத்தரவை எடுத்துக்கொண்டு ஃபோதரிங்கேக்குப் போனார். 8ஆம் தேதி காலை அவர் அதை உரக்க வாசித்தார். மேரியின் தலை வெட்டப்பட்டது.

பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எலிஸபெத் அழுதாள், சாப்பிட மறுத்தாள், பர்லியைக் கண்ணில் படக்கூடாது என்று விலக்கிவைத்தாள். மேரியின் மகன் ஜேம்ஸுக்கு, தன் எண்ணத்துக்கு மாறாக நேர்ந்துவிட்ட ஒரு விபத்து என்று எழுதினாள். டேவிஸன் டவர் சிறைக்குப் போனார். மார்ச் 28ஆம் தேதி விசாரணை. குற்றம்: ராணி பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த காகிதத்தை அவளறியாமல் வெளியே விட்டது. தண்டனை: 10,000 மார்க் அபராதம் (6,600 பவுனுக்கும் சற்று மேல்), ராணியின் சித்தம் உள்ளவரை சிறை. அபராதம் வசூலாகவில்லை, சில காலம் கழித்து வெளியே வந்துவிட்டார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பழைய நாற்காலிக்கு அவர் திரும்பவேயில்லை. எஸ்ஸெக்ஸ் பிரபு பரிந்து பேசியும் பலனில்லை. 1590இல் வால்ஸிங்ஹாம் இறந்த பிறகு காலியாகவே கிடந்த அந்த இடம் 1596இல் பர்லியின் மகன் ராபர்ட் ஸெஸிலுக்குப் போயிற்று. பர்லி சில மாதங்களில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். ஹாட்டன் அந்த ஏப்ரலிலேயே லார்ட் சான்ஸலர் ஆனார். பகிர்ந்துகொள்வதாகச் சொன்ன சுமை முழுவதும் ஒருவர் முதுகில் இறங்கியது, அந்தச் சபையில் சேர்ந்து அதிக நாளாகாத ஒருவரின் முதுகில்.

எலிஸபெத்தின் கோபம் நடிப்பா, நிஜமா என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டும் என்றே படுகிறது. மேரியின் சாவு அவளுக்கு வேண்டியிருந்தது. கையெழுத்துக்கும் காரியத்துக்கும் நடுவிலுள்ள தன்னுடைய இடைவெளியை மந்திரிகள் களவாடியதை அவளால் மன்னிக்க முடியவில்லை. 29 வருஷம் அவள் கட்டிக் காத்தது அந்த இடைவெளியைத்தான். மந்திரிகளிடமும் ஒரு தர்மம் இருந்தது. மேரி உயிரோடிருந்தால் ராணியின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். ராணியின் உயிரைக் காப்பாற்ற ராணியையே ஏமாற்றவேண்டியிருந்தது. இரண்டு தர்மங்களும் நடுவில் சந்தித்துக்கொண்ட இடத்தில் டேவிஸன் நின்றுகொண்டிருந்தார்.

இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது என்று தேடினேன். 1596இல் வெளிவந்த ஃபேரி குவீனின் ஐந்தாம் காண்டத்தில் டுயெஸா என்கிற பெயரில் மேரி மெர்ஸில்லாவின் முன் விசாரிக்கப்படுகிறாள். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் இதற்காக ஸ்பென்ஸரைத் தண்டிக்கவேண்டும் என்று கோபித்தார். அந்தப் பகுதியில் மெர்ஸில்லாவின் கண்ணீர் இருக்கிறது. வெட்டு இல்லை. காகிதத்தைக் கொண்டுபோன கை இல்லை. ஸ்பென்ஸரே அயர்லாந்தில் கிரே பிரபுவின் காரியதரிசியாக இருந்தவர்; காகிதம் எப்படி நகரும் என்று அறியாதவரல்ல. அந்த கிரே பிரபுதான் டேவிஸன் விசாரணையில் நீதிபதிகளுள் ஒருவராக இருந்து, அவர் நோக்கத்துக்காகப் பரிந்து பேசியவர். கவிதை அதையும் விட்டுவிட்டது. அரசவைக் கவிதை கண்ணீரோடு நின்றுவிடும் என்று ஒரு விதி செய்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் நிற்கவில்லை. கிங் ஜானில் அரசன் ஹ்யூபர்ட்டிடம் சிறுவன் ஆர்தரைக் கொல்லும்படி ஜாடையாகச் சொல்கிறான். பிறகு, புரிந்துகொண்டது உன் குற்றம் என்று அவன் மேலேயே பாய்கிறான். ஹ்யூபர்ட் அரசனின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதத்தை எடுத்துக் காட்டுகிறான். டேவிஸனை மனத்தில் வைத்து எழுதியது இது என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டுகிற கையை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் காரணம்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மார்ச் 31. நான் இருந்த கிளையில் சிறுதொழில் கடன் ஒன்று மானேஜரின் கையெழுத்தோடு தயாராக இருந்தது. வக்கீலின் சட்ட அபிப்ராயம் மட்டும் வந்து சேரவில்லை. வருஷக் கணக்கு முடிவதற்குள் தொகை போனால் கிளையின் இலக்கு எட்டும். மானேஜர் கோப்பைக் கொடுத்துவிட்டு, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதைப் பிறகு பல நாள் யோசித்தேன். டீ வந்தது. அக்கவுண்டண்ட், நான், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஓர் இளம் ஆபீஸர், மூன்று பேரும் நின்றுகொண்டே பேசினோம். அவன் பதவியில் எனக்கு மேல், வயதில் கீழ். நான் அவனை சார் என்பேன். அவன் என்னை அண்ணே என்பான்.

"மானேஜருக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுடலாமாண்ணே?" என்றான்.

"கையெழுத்துதான் ஆயிடுச்சே சார். இன்னும் அவரை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று சொன்னவன் நான்.

அக்கவுண்டண்ட் தலையசைத்தார். கணினியில் நான் பதிந்தேன். அவன் தன் பாஸ்வேர்டைப் போட்டு அனுமதித்தான். மெஷின் வாங்கவேண்டிய பணம் போனது, மெஷின் வரவில்லை. விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். மானேஜர், "கையெழுத்திட்டேன், பணத்தை விடச் சொல்லவில்லை" என்றார். அது உண்மை. அக்கவுண்டண்ட், அனுமதித்தது தானல்ல என்றார். அதுவும் உண்மை. அவன் கோப்பைப் பிரித்து அந்தக் கையெழுத்தைக் காட்டினான். கை லேசாக நடுங்கியது. என்னிடம், மானேஜர் பணத்தை விடச் சொல்லிக் கேட்டீர்களா என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பதிந்தது நான், அனுமதிக்கும் அதிகாரம் எனக்கில்லை என்றும் எழுதினேன். டீ குடித்தபோது என்ன பேசினோம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு பக்க வாக்குமூலம். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அவன் சஸ்பெண்ட் ஆனான். பிறகு தூரத்தில் எங்கோ மாற்றினார்கள் என்று கேள்வி. போகும்போது என் மேஜைக்கு வந்து, "வரேண்ணே" என்றான்.

அதற்குப் பின்தான் டேவிஸனைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நெடுநாள் அந்தக் கதையை என் கதை என்றே படித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மேலிடம் கைவிட்ட சிறிய மனிதன் என்ற வேஷம் எனக்குச் சுகமாக இருந்தது. டேவிஸனுக்காகக் கோபப்பட்டேன், எலிஸபெத்தைத் திட்டினேன். ராபர்ட் பீலைப் பற்றிப் படித்த அன்றுதான் அந்த வேஷம் கலைந்தது.

பீல் வால்ஸிங்ஹாமின் மைத்துனி கணவர், படித்த மனிதர், வேறு விஷயங்களில் தைரியமாகப் பேசி மேலிடத்தின் அதிருப்தியைச் சம்பாதித்தவர். உத்தரவைக் கொண்டுபோனதும் வாசித்ததும் அவர்தான். டேவிஸனின் இடத்தில் அவர் நிறுத்தப்படவில்லை; 1601இல் சாகும்வரை குமாஸ்தாவாகவே இருந்தார். 1592இல், காரியதரிசியாக வரப்போகிற ஒருவர் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அருமையான ஒரு குறிப்பு எழுதினார். ராணியிடம் காகிதத்தோடு போகுமுன் அவளுடைய அந்தரங்க அறையில் உள்ளவர்களிடம் அன்றைய மனநிலையை விசாரித்துக்கொள், கோபமாயிருந்தால் போகாதே, அவள் கையெழுத்திடும்போது கேட்க இனிமையாக ஏதாவது பேசிக்கொண்டிரு, எதையும் தனியாகத் தலையில் போட்டுக்கொள்ளாதே, மற்ற சபையினரையும் சேர்த்துக்கொள். எலிஸபெத்தின் அரசாங்கம் உள்ளே எப்படி இயங்கியது என்று அறிய இதைவிட நல்ல ஆவணங்கள் குறைவு. தெளிவு, அனுபவம், லேசான நகைச்சுவை எல்லாம் இருக்கிறது. ஃபோதரிங்கேயில் உரக்க வாசித்த அதே மனிதர், ஐந்து வருஷம் கழித்து, மற்றவர்கள் எப்படித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை நிதானமாக எழுதுகிறார்.

அந்தக் குறிப்பை நான் ரசித்துப் படித்தேன். படித்து முடித்தபோது, ரசிக்கிற இந்த மனது எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. காகிதம் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி எனக்கும் தெளிவாக எழுத வரும். இதோ எழுதிவிட்டேன். அந்தப் பையன் இதைப் படிக்கப்போவதில்லை. இந்தப் பத்திரிகை அவன் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போகாது. என் வாக்குமூலம் இன்னும் ஏதோ ஒரு கோப்பில், என் கையெழுத்தோடு, அப்படியே இருக்கும்.